அந்தச் சொற்கள் யார் யார் கை மாறி வந்தன?
அமெரிக்க வரலாற்றுக்கு ஆதாரம் தேடப் புதிதாக இறங்குவோருக்கு

மகளிர் தினம் வந்தால் ஒரு வரி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும்: "நான் பெண் இல்லையா?" அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண்மணி, 1851 மே 29 அன்று ஒஹாயோ மாநிலம் ஏக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் பேசியது என்று கீழே போட்டிருக்கும். அவர் அங்கே பேசினார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வரியைச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. ஆதாரம் தேடுவது, எடைபோடுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தப் பேச்சைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர் பேசியது எதுவும் அவர் கையெழுத்தில் இல்லை. கேட்டவர்கள் எழுதி வைத்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏக்ரன் பேச்சுக்கு இப்படி இரண்டு முக்கியமான பாடங்கள், அதாவது எழுத்து வடிவங்கள், உண்டு. முதலாவது, பேசி மூன்று வாரம் கழித்து, 1851 ஜூன் 21 அன்று 'ஆன்டி ஸ்லேவரி பியூகிள்' என்ற ஒஹாயோ அடிமை ஒழிப்பு இதழில் வெளிவந்தது. எழுதியவர் மாரியஸ் ராபின்சன், மாநாட்டில் உட்கார்ந்து நேரில் கேட்டவர். அந்தப் பாடத்தில் ட்ரூத், எந்த ஆணுக்கும் குறையாத உடல்வலு தனக்கு உண்டு என்கிறார். உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், மரம் வெட்டியிருக்கிறேன், இதற்கு மேல் எந்த ஆண் செய்துவிடுவான் என்று கேட்கிறார். அறிவைப் பற்றிய ஓர் உவமையும் வருகிறது. ஆணுக்கு ஒரு குவார்ட், பெண்ணுக்கு ஒரு பைன்ட்தான் என்றால், அவளுடைய அந்தச் சின்ன அளவை நிரப்பிக்கொள்ளக்கூட விடமாட்டீர்களா என்று. நம் ஊர்க் கணக்கில் ஒரு படி, அரைப்படி என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனையும் இருக்கிறது. "நான் பெண் இல்லையா" மட்டும் இல்லை.

அந்த வரி வருவது இரண்டாவது பாடத்தில். அதை எழுதியவர் ஃபிரான்சஸ் கேஜ், அதே மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். எழுதிய காலம் 1863 ஏப்ரல், அதாவது பேச்சு முடிந்து 12 ஆண்டுகள் கழித்து, வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது. நியூயார்க்கின் 'இன்டிபென்டன்ட்' இதழில் வெளிவந்தது. இதில் அந்தக் கேள்வி பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சு முழுவதும் தென் மாநிலத் தோட்ட அடிமைகளின் பேச்சுவழக்காக எழுதப்பட்டிருக்கிறது. தனக்கு 13 பிள்ளைகள், பெரும்பாலோர் விற்கப்பட்டார்கள் என்றும் ட்ரூத் சொல்வதாக வருகிறது.

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். ட்ரூத் பிறந்தது தென் மாநிலத்தில் அல்ல, நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு). அவர் முதலில் பேசிய மொழி டச்சு. அவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். பேச்சுவழக்கும் பொருந்தவில்லை, பிள்ளைகள் கணக்கும் பொருந்தவில்லை என்னும்போது, அந்தப் புகழ்பெற்ற வரி மட்டும் அப்படியே சரியாக நினைவிருந்து எழுதப்பட்டது என்று எப்படி நம்புவது? பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் 'பாடபேதம்', 'இடைச்செருகல்' என்ற சொற்களை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கே செய்வதும் அதே வேலைதான். இரண்டு பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முந்தியது, யார் எழுதியது, எதற்காக எழுதியது, வேறு வழியில் நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றோடு எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. என்னைக் கேட்டால் ராபின்சன் பாடம்தான் நம்பத் தகுந்தது. பேச்சாகப் படித்தாலும் அதுதான் உயிரோடு இருக்கிறது.

அதற்காக கேஜ் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 1851இல் ட்ரூத் என்ன பேசினார் என்ற கேள்விக்கு அது பலவீனமான ஆதாரம். ஆனால் 1863இல், போரின் நடுவே, வடக்கே இருந்த ஒரு வெள்ளைப் பெண்ணுரிமைப் போராளி ட்ரூத்தை வாசகர் முன் எப்படி நிறுத்த விரும்பினார் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. முதன்மை ஆதாரம், இரண்டாம் நிலை ஆதாரம் என்று பாடப் புத்தகங்கள் பிரித்துச் சொல்லும். நிகழ்ந்த காலத்தில் அதில் இருந்தவர்கள் விட்டுச் சென்ற கடிதம், நாட்குறிப்பு, செய்தித்தாள், நீதிமன்றப் பதிவு எல்லாம் முதன்மை. பிற்காலத்தவர் அவற்றைப் படித்து எழுதிய ஆய்வு இரண்டாம் நிலை. சரிதான். ஆனால் எது முதன்மை என்பதை நம் கேள்வி முடிவு செய்கிறது. 1950இல் அச்சான ஒரு பள்ளிப் பாடநூல் உள்நாட்டுப் போருக்கு இரண்டாம் நிலை ஆதாரம். 1950இல் பிள்ளைகளுக்கு அந்தப் போரைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆராய்ந்தால் அதுவே முதன்மை ஆதாரமாகிவிடும்.

எங்கே தேடுவது?

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாறு ஒரு தாள். கடையில் கிடைக்கும் நோட்ஸை வைத்தே பலர் அதை எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தரும் விஷயம். காரணம், உலகத்திலேயே மூல ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதில் அமெரிக்கா முன்வரிசையில் நிற்கிறது. திருநெல்வேலியில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு ஜார்ஜ் வாஷிங்டன் எழுதிய கடிதத்தைப் படிக்கலாம்.

மேலே சொன்ன 'பியூகிள்' இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் நடத்தும் 'க்ரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற செய்தித்தாள் தொகுப்பில் அதன் பக்கங்கள் அப்படியே ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. காசு கட்ட வேண்டாம், உறுப்பினராக வேண்டாம். நாட்டை உருவாக்கிய தலைவர்களின் கடிதங்களுக்கு 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' இருக்கிறது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெபர்சன், ஹாமில்டன், மேடிசன் எழுதியதும் அவர்களுக்கு வந்ததும் அச்சு வடிவில், குறிப்புகளோடு, தேடக்கூடிய வகையில் கிடைக்கின்றன. லிங்கன் எழுத்துத் தொகுப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத் தளத்தில் உண்டு. அரசு ஆவணங்களுக்கு 1934இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களுக்கு 'இன்டர்நெட் ஆர்க்கைவ்'.

ஆனால் புதிதாக வருபவர் நேராக இந்தக் கடலில் குதிக்கக் கூடாது. முதலில் ஒரு நல்ல, அண்மைக்கால ஆய்வு நூலையோ கட்டுரையையோ கையில் எடுங்கள். பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டதாக இருந்தால் நல்லது. பிற அறிஞர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அங்கே அச்சாகும். அதன் அடிக்குறிப்புகளைப் படியுங்கள். எந்த ஆவணம், எந்தக் காப்பகம், எந்தப் பெட்டி, எந்தத் தேதி என்று அங்கே இருக்கும். எனக்கு அடிக்குறிப்புகளில்தான் பாதி நேரம் போகும், அதில் வீணான நேரம் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. நூலாசிரியர் எடுத்துக் காட்டிய இரண்டு வரி, அவர் விட்டுவிட்ட அடுத்த பத்தியோடு சேர்த்துப் படித்தால் வேறு அர்த்தம் தருவது உண்டு.

தேடல் பெட்டியில் என்ன சொல்லைப் போடுவது என்பது தனிக் கலை. இன்று நாம் சொல்லும் சொல் அன்று இருந்திருக்காது. 1915ஆம் ஆண்டுச் செய்தித்தாளில் 'முதல் உலகப் போர்' என்று தேடினால் கிட்டத்தட்ட எதுவும் வராது. இரண்டாவது ஒன்று வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'ஐரோப்பியப் போர்', 'பெரும் போர்' என்பதற்கான அன்றைய ஆங்கிலச் சொற்களைப் போட வேண்டும். உள்நாட்டுப் போரை வடக்கத்தியர் 'ரெபெல்லியன்', அதாவது கலகம், என்றே எழுதினார்கள். கறுப்பின மக்களைப் பற்றித் தேடும்போது 'கலர்ட்' போன்ற, இன்று யாரும் சொல்லக் கூசும் சொற்களையும் போட்டுத்தான் ஆக வேண்டும். சொல்லை ஆதரிப்பதற்காக அல்ல, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்காக.

இன்னொரு சிக்கல், ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றுவது இயந்திரம். 18ஆம் நூற்றாண்டு அச்சில் ஆங்கில 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போல நீண்டிருக்கும். 'மாசகர்' என்ற படுகொலைக்கான சொல்லை இயந்திரம் 'மாஃபகர்' என்று படித்து வைத்திருக்கும். தேடினேன், இல்லை என்று எழுதிவிடுவதற்கு முன், தேதியை வைத்துப் பக்கங்களைக் கையால் புரட்டிப் பாருங்கள்.

கை மாறும்போது என்ன ஆகிறது?

படுகொலை என்றதும் பாஸ்டன் நினைவுக்கு வருகிறது. 1770 மார்ச் 5 இரவு, கிங் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். பாஸ்டன் வெள்ளி வேலைக்காரரான பால் ரெவியர் மூன்று வாரத்துக்குள் ஒரு செதுக்குப் படம் வெளியிட்டார். எல்லாப் பாடநூலிலும் அதுதான் இருக்கும். சிப்பாய்கள் வரிசை பிசகாமல் நின்று ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். அவர்களின் தளபதி பிரெஸ்டன் பின்னால் நின்று வாளை உயர்த்தி உத்தரவு தருகிறார். சுங்க அலுவலகத்தின் மேல் 'கசாப்புக்கடை' என்று பொருள்படும் பலகை. அப்படி ஒரு பலகை அங்கே இருந்ததில்லை. படமும் ரெவியர் சொந்தமாக வரைந்ததல்ல. ஹென்றி பெல்ஹம் என்ற ஓவியர் வரைந்ததைப் பார்த்துச் செதுக்கியது. தன்னைக் கொள்ளையடித்துவிட்டதாக பெல்ஹம் அவருக்கு எழுதிய கோபமான கடிதம் இன்றும் இருக்கிறது.

இந்தப் படத்துக்கு எதிரே வழக்கு விசாரணைப் பதிவுகளை வையுங்கள். அங்கே கூட்டம் பனிக்கட்டிகளை எறிகிறது, தடி வீசுகிறது, சாட்சிக்குச் சாட்சி ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகிறது. சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். பிரெஸ்டன் விடுதலை ஆனார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை ஆனார்கள், இரண்டு பேருக்கு மட்டும் கொலைக்குக் குறைந்த குற்றத்துக்காகக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். ஆக, அந்தப் படம் பொய்யா? அன்றிரவு என்ன நடந்தது என்பதற்கு அது மோசமான சாட்சி. பாஸ்டன் மக்களின் கோபம் எப்படித் திரட்டப்பட்டது என்பதற்கு அருமையான சாட்சி.

ஒரே ஆளே இரண்டு சாட்சி சொல்வதும் உண்டு. அமெரிக்காவிலிருந்து பிரிந்து சென்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். போரில் தோற்ற பிறகு 1868இலும் 1870இலும் வெளிவந்த தன் பெரிய நூலில், சண்டை அடிமை முறைக்காக அல்ல, மத்திய அரசா மாநிலங்களா என்ற கொள்கைக்காக நடந்தது என்று வாதிட்டார். இரண்டும் முதன்மை ஆதாரம்தான். நடுவில் இருப்பது ஒரு தோல்வி. ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில், தன் ஆட்கள் நடுவே ஒருவர் சொன்னதற்கும், தோற்ற பிறகு வரலாற்றின் முன் தன்னை நியாயப்படுத்த எழுதியதற்கும் நான் ஒரே எடை தரமாட்டேன்.

என்னை மிகவும் பாதித்த உதாரணம் இன்னொன்று. 1936 முதல் 1938 வரை, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், அரசு ஆட்களை அனுப்பி முன்னாள் அடிமைகளிடம் அவர்கள் கதையைக் கேட்டு எழுதச் சொன்னது. 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் காங்கிரஸ் நூலகத் தளத்தில் இருக்கின்றன. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற நூறு வயது கடந்த மூதாட்டியிடம் இரண்டு பேர் தனித்தனியே போய்க் கேட்டார்கள். ஒருவர் வெள்ளைப் பெண்மணி. மூதாட்டி அவரை அரசு உதவித்தொகை தரும் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று எண்ணிக்கொண்டார். அவரிடம், எஜமானர் நல்லவர் என்று சொன்னார். மற்றவர் கறுப்பின ஆண். அவரிடம், சவுக்கடியைப் பற்றியும், இரவில் கல்யாணமான ஜோடியில் பெண்ணை மறுநாள் காலையில் விற்றுவிட்டதைப் பற்றியும் சொன்னார். மூதாட்டியின் பெயர்கூட இரண்டு தாள்களிலும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் ஹாம்லின், இன்னொன்றில் ஹாமில்டன்.

வேறு ஏதாவது ஒரு வாக்குமூலத்தில் "என் எஜமானர் தங்கமானவர்" என்று படிக்கும்போது இந்த மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வந்து நின்றவர் யார், அவர் கையில் என்ன இருந்தது, இவர் வீட்டில் அன்று சாப்பாடு இருந்ததா என்பதெல்லாம் அந்தத் தாளில் கலந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1816 முதல் யாழ்ப்பாணத்திலும் 1834 முதல் மதுரையிலும் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை 'மிஷனரி ஹெரால்ட்' என்ற மாத இதழ் அச்சிட்டது. மிஷனைத் தாங்கிய அமெரிக்க வாசகர்களுக்கான இதழ் அது. இணையத்தில் எளிதாகக் கிடைப்பது இதழ்தான். அதை மட்டும் படித்து முடிவுக்கு வருபவர், அச்சுக்குப் போகாமல் கடிதத்திலேயே தங்கிவிட்ட வரிகளையும் கணக்கில் வைக்க வேண்டும்.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். 1863 ஜூலை, உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு எடுத்த படங்களில், கல்சுவரின் மறைவில் இறந்து கிடக்கும் குறிபார்த்துச் சுடும் வீரனின் படம் புகழ்பெற்றது. அதே சடலம் வேறோர் இடத்தில் கிடக்கும் படங்களும் இருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் கண்டார்கள். சடலத்தைத் தூக்கி வந்து, துப்பாக்கியைச் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார்கள்.

மேற்கோள்களும் கட்டுக்கதைகளும்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் படத்துக்குக் கீழே ஒரு பொன்மொழி இருந்தால், அவர் எழுத்துத் தொகுப்பில் தேடுங்கள். அங்கே இல்லாமல், அவர் இறந்து நெடுங்காலம் கழித்தே முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஜெபர்சன் சொன்னதாகச் சொல்லப்படும், அவர் சொல்லாத வாசகங்களுக்கு அவருடைய மான்டிசெல்லோ இல்லத்தை நிர்வகிப்பவர்கள் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதை, அவர் இறந்து ஆறேழு ஆண்டுகள் கழித்து, 1806இல் மேசன் வீம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றுப் பதிப்பில்தான் முதலில் வருகிறது. யார் சொன்னது என்றால், குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி சொன்னாராம்.

ஆய்வாளர்களையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலையான கறுப்பின மக்கள் வாக்களித்து, பதவிகளுக்கு வந்த மறுசீரமைப்புக் காலத்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் ஊழல் நிறைந்த இருண்ட காலமாக எழுதினார்கள். பட்டம், பதவி, அடிக்குறிப்பு எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் வன்முறையைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1871இல் எடுத்த சாட்சியங்கள், அடிபட்ட கறுப்பின மக்களே வந்து சொன்னவை உட்பட, 13 தொகுதிகளாக அச்சாகி அலமாரியில் இருந்தன. அந்த மக்களின் வாய்மொழிக்கு அவர்கள் மதிப்புக் கொடுக்கவில்லை. 1935இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் அந்தக் காலத்தை மறுத்து எழுதியபோதும் கல்வித்துறை பல ஆண்டுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் நிலை நூலைக் கையில் எடுத்தால் முதலில் வெளியான ஆண்டைப் பாருங்கள். அடுத்து, அதன் அடிக்குறிப்புகளில் யார் குரல் இருக்கிறது, யார் குரல் இல்லை என்று பாருங்கள்.

ஆவணமே இல்லாத இடம்

1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பற்றிய தீயாலும் அணைக்க ஊற்றிய தண்ணீராலும் பாழாகிவிட்டது. 1880க்கும் 1900க்கும் இடையே ஒரு குடும்பம் திடீரென்று மறைந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தீ தற்செயலாக இருக்கலாம். அடிமைகளின் பெயர் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருந்தது. எஜமானர் பெயர் எழுதியிருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, பாலினம், நிறம். பெண், 34, கறுப்பு. ஆண், 6, கலப்பு. பெயர் எழுதக் கட்டமே இல்லை. நாட்டின் கறுப்பின மக்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது.

அப்படியானால் அந்த 34 வயதுப் பெண் யார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லையா? சில சமயம் உண்டு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வெளிவந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்ற மெதடிஸ்ட் இதழில் 1879 முதல் 'லாஸ்ட் ஃபிரண்ட்ஸ்' என்றொரு பகுதி வந்தது. அடிமைக் காலத்தில் விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயை, தம்பியை, மகளைத் தேடி மக்கள் எழுதிய கடிதங்கள் அவை. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். இந்தக் கடிதங்களைப் பாதிரியார்கள் தேவாலய மேடையில் நின்று வாசிக்க வேண்டும் என்று ஆசிரியர் மேலே ஒரு குறிப்புப் போட்டிருப்பார். இன்று 'ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்ஷன்' என்ற நிறுவனத்தின் தளத்தில் இவற்றைப் பெயர் வாரியாகத் தேடலாம்.

அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கும்: ஆசிரியர் அவர்களுக்கு, என் சொந்தங்களைப் பற்றி விசாரிக்க விரும்புகிறேன். பிறகு அம்மா பெயர், அப்பா பெயர், கூடப் பிறந்தவர்கள், எந்தக் கவுண்டியில் எந்த எஜமானரிடம் இருந்தார்கள், யாருக்கு விற்கப்பட்டார்கள். அந்த எஜமானர் பெயரையும் கவுண்டியையும் குறித்துக்கொண்டு 1860ஆம் ஆண்டு அட்டவணையைத் திறந்து, அந்தப் பெயருக்குக் கீழே விரலை ஓட்டி வாருங்கள். கடிதம் சொல்லும் அம்மாவின் வயதோடு ஒத்துப்போகும் ஒரு வரி கிடைக்கலாம். அப்போதும் 'இவராக இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும். பக்கத்திலேயே, அந்தக் கடிதத்தில் இருக்கும் பெயரை முழுதாக எழுதி வையுங்கள்.